எண்பதோடு நிறுத்துங்க, மாமா!

என் மாமனாருக்கு எதுவும் விளிம்பு வரை இருக்க வேண்டும். காபி டம்ளரில் ஒரு விரற்கடை குறைந்திருந்தால், "என்ன, பால்காரன் இன்னிக்கு லீவா?" என்பார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிறைந்து, வழிந்து, பக்கத்து வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்ட பிறகுதான் மோட்டாரை அணைப்பார். என் கல்யாணத்தன்று, தாலி கட்டப் போகிற நேரத்தில், காதருகே குனிந்து அவர் என்னிடம் கேட்ட கேள்வி: "மாப்பிள்ளை, செல்போன்ல சார்ஜ் ஃபுல்லா வெச்சிருக்கீங்களா?"

அப்பேர்ப்பட்ட மனுஷர் 2021-ல் ரிட்டயர் ஆனார். வந்த பணத்தில் பெண்ணுக்கு ஒரு ஜோடி வளையல், பிள்ளையார் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் (உபயதாரர் பெயரை எழுதியது போக மிச்ச இடத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும்) என்று செலவழித்துவிட்டு, ஒரு மின்சாரக் கார் வாங்கினார்.

"பெட்ரோல் பங்க் வாசல்ல போய் நிக்கவே வேணாம், மாப்பிள்ளை. வீட்லயே ரொப்பிக்கலாம்!" என்றார். 'ரொப்பிக்கலாம்' என்று சொல்லும்போதே முகத்தில் ஒரு தனி ஒளி.

வண்டி வந்த அன்று என்னைக் கூப்பிட்டார். "நீங்கதான் பத்திரிகையில எல்லாம் எழுதறீங்களே... இதுக்கு எப்படி சார்ஜ் போடணும்?"

நான் படித்தது பி.காம். பேட்டரி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் டார்ச் லைட்டில் ப்ளஸ் எந்தப் பக்கம் என்பது மட்டுமே. அதிலும் பாதி நேரம் தப்பு. ஆனால் கேட்பது மாமனார். 'தெரியாது' என்று சொன்னால் மாப்பிள்ளை மரியாதை என்னாவது? எங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வருகிறவர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. கூச்சமே இல்லாமல் எடுத்துவிட்டேன்.

"தினமும் ஃபுல் பண்ணிடுங்க, மாமா. பேட்டரி எப்பவும் நெறைஞ்சே இருந்தா ஆயுசு கெட்டி."

அந்த ஒரு வாக்கியத்தின் விலை ஒண்ணேகால் லட்சம் ரூபாய் என்று நாலு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

*

2025 மே மாதம். அத்தைக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்ஷூரன்ஸ் கொடுத்தது போக மீதிக்குக் கையிலிருந்து போட வேண்டும். மாமாவுக்கும் கண்ணில் புரை. ராத்திரியில் எதிரே வருகிற வண்டியெல்லாம் சூரியனாகத் தெரிகிறது. "காரை வித்துடலாம்" என்று முடிவு செய்தார்.

"எட்டு லட்சம். ஒரு பைசா குறைய மாட்டேன். நாலு வருஷத்துல இருபத்தோராயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. கோயில், மார்க்கெட், அவ்வளவுதான். பேட்டரி புத்தம் புதுசு!"

வாங்க வந்தவர் செல்வம். கால் டாக்ஸி ஓட்டுகிறவர், முப்பது வயசுக்காரர். இதே மாடல் கார் ஏற்கெனவே ஒன்று வைத்திருக்கிறார். தம்பிக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்து இரண்டாக ஓட்ட வேண்டும் என்பது திட்டம். அதற்குக் கடன் வாங்கப் போகிறார். அவருக்கும் இது விளையாட்டுக் காரியம் இல்லை.

மடிப்பாக்கம் அபார்ட்மெண்டில் மாமாவின் கார் திறந்தவெளியில்தான் நிற்கும். நிழல் உள்ள இடமெல்லாம் அசோசியேஷன் செகரட்டரிக்கு வேண்டியவர்களுக்குப் போய்விட்டது. அது தனிக் கதை. அதை எழுதினால் எனக்கு அந்த வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. செல்வம் வண்டியைச் சுற்றி வந்தார். டயரைத் தட்டினார். பிறகு பாக்கெட்டிலிருந்து தீப்பெட்டி மாதிரி ஒரு சாதனத்தை எடுத்து ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த துளையில் சொருகினார். செல்போனைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"வண்டி சூப்பர் ஐயா. சீட்டு கவர்கூடப் பிரிக்கலை. ஆனா பேட்டரி 88 காட்டுது."

"எண்பத்தெட்டா? காலையிலதானேப்பா நூறு ஏத்தினேன்!"

"ஐயா, அந்த நூறு நீங்க குடத்துல ரொப்பின தண்ணி. இது குடத்தோட சைஸு. குடமே சுருங்கிடிச்சு."

மாமா 'ஙே' என்று விழித்தார். நானும்தான். நான் கொஞ்சம் மரியாதையாக விழித்தேன், அவ்வளவே.

"உன் வண்டி எவ்வளவு ஓடியிருக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஸார்."

"அதுல எவ்வளவு காட்டுது?"

"89."

மாமா அந்தச் சாதனத்தைப் பார்த்த பார்வையில் அது உருகியிருக்க வேண்டும். "உன் மெஷின் ரிப்பேர்!" என்றார். செல்வம் சிரிக்கவில்லை. ஆறேமுக்கால் லட்சம் என்று சொல்லிவிட்டு, யோசித்துச் சொல்லுங்க என்று கிளம்பினார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

*

அடுத்த பத்து நாள் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பி.காம். படிப்பு முதன்முதலாக உதவிக்கு வந்தது. தேய்மானம்! டிப்ரிஸியேஷன்! பரீட்சையில் பதினைந்து மார்க் கணக்கு.

ஒரு மெஷினுக்குத் தேய்மானம் இரண்டு விதத்தில் வரும். ஓட ஓடத் தேய்வது ஒன்று. ஓடாமல் சும்மா நின்றாலும் வயசாகித் தேய்வது இன்னொன்று. கார் பேட்டரிக்கும் இதே இரண்டு கணக்குதான். மாமா கிலோமீட்டரை மட்டும் பார்த்தார். காலண்டர் கணக்கு என்று ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருந்தது அவருக்கும் தெரியாது, அவருக்கு உபதேசம் பண்ணிய மேதைக்கும் தெரியாது. அந்தக் காலண்டர் எவ்வளவு வேகமாகக் கிழியும் என்பதை முக்கியமாக இரண்டு விஷயம் தீர்மானிக்கின்றன: எவ்வளவு சார்ஜில் நிற்கிறது, எவ்வளவு சூட்டில் நிற்கிறது.

காரணம் சொல்கிறேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தவர்களுக்கு உடனே புரியும்.

லித்தியம் பேட்டரிக்குள் இரண்டு கட்டடங்கள். ஒன்று மேன்ஷன், கிராஃபைட்டால் கட்டியது. மற்றது ஆபீஸ், நிக்கல், கோபால்ட் மாதிரி உலோகங்களால் கட்டியது. லித்தியம் அயனிகள்தான் பேச்சலர் பையன்கள். சார்ஜ் போட்டால் எல்லோரும் ஆபீஸிலிருந்து மேன்ஷனுக்கு வந்து ரூம் ரூமாக அடைவார்கள். வண்டி ஓடும்போது மேன்ஷனை விட்டு ஆபீஸுக்குப் போவார்கள். நடுவில் இருக்கிற ரோடு, எலெக்ட்ரோலைட் என்கிற திரவம். இப்படிப் போக வர இருக்கிறவரை ஒரு தொல்லையும் இல்லை.

நூறு சதவிகிதம் என்றால் மேன்ஷன் ஹவுஸ்ஃபுல். ரூமுக்கு ரூம் ஆள். அந்த நிலையில் மேன்ஷன் சுவர், திரவத்தோடு வினை புரிந்து சுவரில் ஒரு படலத்தை வளர்த்துக்கொள்ளும். அந்தப் படலத்தில் சில பையன்கள் நிரந்தரமாக ஒட்டிக்கொள்வார்கள். அப்புறம் ஆபீஸுக்கும் வர மாட்டார்கள், ஊருக்கும் போக மாட்டார்கள். நம் ஆபீஸ்களிலும் இப்படிச் சில பேர் உண்டு. அங்கே சம்பளம் வரும். பேட்டரியில் அது கெபாஸிட்டி இழப்பு. அந்தப் பக்கம் ஆபீஸோ ஆளே இல்லாமல் காலி. தூண்களுக்கு நடுவே தாங்கி நின்ற ஆட்கள் இல்லாததால் கட்டடமே நெளிகிறது. வோல்ட்டேஜ் உச்சத்தில் நிற்பதால் திரவமும் அந்தப் பக்கம் கெட ஆரம்பிக்கிறது.

இவ்வளவும் மே மாத மத்தியானத்தில் நடந்தால்? வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த மாதிரி வினைகளின் வேகம் கிட்டத்தட்ட இரட்டிக்கும் என்பது ரசாயனக்காரர்களின் கைக்கணக்கு. நிறைந்த மேன்ஷன், ஃபேன் இல்லை, அக்னி நட்சத்திரம். மாமாவின் கார் நாலு வருஷம் அப்படித்தான் நின்றது. காலையில் நூறு, கோயில் போய் வந்தால் தொண்ணூற்றைந்து, அப்புறம் நாள் முழுக்க வெயிலில் தவம், சாயங்காலம் மறுபடி ப்ளக்கில் சொருகி நூறு. ஸ்கிரீனில் '100' என்று வந்ததும், கணக்குப் பாடத்தில் சென்டம் வாங்கின பிள்ளையைப் பார்ப்பது போல் நின்று பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவார்.

இந்த சூட்டுக் கதையில் ஒரு பெரிய கம்பெனியே மாட்டிக்கொண்டது. நிஸான் 2010 டிசம்பரில் 'லீஃப்' என்ற மின்சாரக் காரை விற்க ஆரம்பித்தது. அதன் பேட்டரிக்குத் தனியாகக் குளிர்விக்கும் ஏற்பாடு கிடையாது. காற்று பட்டு ஆறினால் உண்டு. 2012-ல் அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரத்து ஆசாமிகள் கூச்சல் போட ஆரம்பித்தார்கள். வேலூர் வெயிலே கைகட்டி நிற்கிற ஊர் அது. டாஷ்போர்டில் பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் 12 கட்டங்களில் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வந்தன. குளிர் ஊர்களில் இருந்த அதே காருக்கு அந்த வேகத்தில் அணையவில்லை. விவகாரம் கோர்ட் வரை போய், கடைசியில் 5 வருஷம் அல்லது 60,000 மைலுக்குள் 9 கட்டத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருகிறோம் என்று கம்பெனி உத்தரவாதம் கொடுத்தது. இப்போது வருகிற கார்களில் பெரும்பாலானவை பேட்டரியைத் திரவம் ஓட்டிக் குளிர்விக்கின்றன. ஆனால் அணைத்து நிறுத்திய வண்டியில் அந்த ஏ.ஸி. நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

*

அப்படியானால் இன்வெர்ட்டர்காரர் சொன்னது பொய்யா? பாவம், அவர் மேல் தப்பே இல்லை. அவர் சொன்னது காரீய-அமில பேட்டரிக்கு. அது அரைகுறையாக நின்றால் உள்ளே உப்புப் படிந்து கெட்டுப்போகும். அதற்கு எப்போதும் வயிறு நிறைந்திருக்க வேண்டும். 2001-ல் பெங்களூரில் வந்த ரேவா கார்கூடக் காரீய பேட்டரியில் ஓடியதுதான். அந்தக் காரை தினமும் ஃபுல் பண்ணியது சரி.

அதேபோல, 'முழுசாகக் காலி பண்ணிவிட்டுத்தான் சார்ஜ் போடணும்' என்று இன்னொரு சாஸ்திரம் உண்டு. அது நிக்கல்-காட்மியம் செல் காலத்து சமாச்சாரம். புது செல்போன் வாங்கினால் கடைக்காரர், "மொதல்ல எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டுட்டுதான் பேசணும் ஸார்" என்று பிரசவத்துக்குப் பத்தியம் சொல்வது மாதிரி சொல்வாரே, அதுவும் அந்த வம்சம்தான். சோனி 1991-ல் லித்தியம் அயான் பேட்டரியைக் கடைக்குக் கொண்டு வந்தது. பேட்டரி மாறியது; நம் பத்தியம் மாறவில்லை. (இந்த பேட்டரிக்காக 2019-ல் மூன்று பேருக்கு ரசாயன நோபல் கொடுத்தார்கள். அதில் ஜான் குடினஃப் என்பவருக்கு அப்போது வயசு 97. 2023-ல் நூறு வயசில் காலமானார். அவர் மட்டும் நூறு வரை போகலாம், தப்பில்லை.)

லித்தியத்துக்குப் பிடித்தது நடுவாந்திரம். வயிறு முட்டவும் கூடாது, கொலைப்பட்டினியும் கூடாது. தினசரிக்கு எண்பதோடு நிறுத்தி, இருபது கிட்டே வந்தால் போட்டுவிடுவது உத்தமம். பூஜ்யத்திலிருந்து நூறு, நூறிலிருந்து பூஜ்யம் என்று முழு ஊஞ்சல் ஆடுவதைவிட நடுவிலேயே சின்னச் சின்னதாக ஆடினால் அதிக நாள் தாங்கும். வெளியூர் போகும் அன்று நூறு ஏற்றினால் குற்றமில்லை. ஏற்றிய சூட்டோடு கிளம்பிவிட வேண்டும். நூறில் போவது பாவமில்லை, நூறில் நிற்பதுதான் பாவம். ஒரு மாசம் ஊரில் இல்லையென்றால் ஐம்பது வாக்கில் விட்டுவிட்டுப் போகலாம். பத்துக்குக் கீழே விட்டுவிட்டு ரிஷிகேஷ் போனால், திரும்பி வரும்போது பேட்டரி முக்தி அடைந்திருக்கும்.

பல கார்களில் 'எண்பதில் நிறுத்து' என்று செட் பண்ண வசதி இருக்கிறது. இல்லாதவர்கள் மனக்கணக்கு போடலாம். வீட்டு 15 ஆம்பியர் ப்ளக்கில் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும். 30 யூனிட் பேட்டரி என்றால் மணிக்குப் பத்து சதவிகிதம். ஐம்பதில் நிற்கிற வண்டிக்கு மூணு மணி நேரம் போதும். விடிய விடியத் தேவையில்லை. இதைத் தெரிந்துகொள்ள நோபல் பரிசு தேவையில்லை, அலாரம் போதும்.

இங்கே ஒரு 'ஆனால்' இருக்கிறது. விட்டுவிட்டால் வாசகர்கள் கடிதம் போடுவீர்கள். எல்லா லித்தியமும் ஒரே ஜாதியில்லை. நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் என்று ஒரு வகை. மேலே சொன்ன எண்பது உபதேசம் முழுக்க முழுக்க அதற்கு. இரும்பு பாஸ்பேட் என்று இன்னொரு வகை. நம் ஊரில் ஓடும் கார்களில் நிறையவே இருக்கிறது. முரட்டு உழைப்பாளி. நூறு வரை ஏற்றினாலும் அவ்வளவாக முகம் சுளிக்காது. ஆனால் அதன் வோல்ட்டேஜ், இருபதிலும் எழுபதிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். சம்சாரத்தின் முகம் மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. அதனால் காரின் கம்ப்யூட்டர் கணக்கில் குழம்பும். அவ்வப்போது நூறு ஏற்றினால்தான் பாஸ்புக்கில் என்ட்ரி போட்ட மாதிரி கணக்கு நேராகும். டெஸ்லா, இந்த வகை பேட்டரி உள்ள கார்களுக்கு வாரம் ஒரு தடவையாவது நூறு ஏற்றச் சொல்கிறது. இந்த வகையும் உச்சியிலேயே வெயிலில் வருஷக் கணக்கில் நிற்பதை ரசிப்பதில்லை, பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். உங்கள் காரில் எந்த வகை என்பது கூடவே கொடுத்த புத்தகத்தில் இருக்கும். அந்தப் புத்தகம் டாஷ்போர்டு அறையில், ப்ளாஸ்டிக் உறை பிரிக்காமல், பழைய டோல் ரசீதுகளுக்கு அடியில் இருக்கும்.

மாமா காரில் இருந்தது முதல் வகை. பார்த்துவிட்டேன்.

*

மறுபடி செல்வத்தைப் பார்க்கப் போனேன். டீக்கடையில் உட்கார்ந்து, "எப்படிப்பா சார்ஜ் போடறே? யார் சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலை ஸார். மத்தியானம் சாப்பிடறப்ப ஃபாஸ்ட் சார்ஜர்ல போடுவேன். எண்பது வந்ததும் உருவிடுவேன். அதுக்கு மேல நத்தை மாதிரி ஏறும். அந்த நேரத்துல ஏர்போர்ட்டுக்கு ஒரு ட்ரிப் அடிச்சிடலாமே! ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து வீட்ல போடுவேன். ஆறு மணிக்கு எவ்வளவு ஏறியிருக்கோ அதோட கிளம்பிடுவேன்."

அவர் விஞ்ஞானம் படிக்கவில்லை, வியாபாரம் பார்த்தார். பேட்டரிக்கு நல்லது தானாக நடந்துவிட்டது. எண்பதுக்கு மேல் நத்தை வேகம் ஏன் என்றால், மேன்ஷனில் காலி ரூம்கள் குறைந்துவிட்டன. கும்பலாக உள்ளே தள்ளினால் ரூம் கிடைக்காதவன் வராந்தாவிலேயே பாயை விரித்துப் படுத்துவிடுவான். லித்தியம் அப்படி வெளியே உலோகமாகப் படிந்தால் கெடுதல், எல்லை மீறினால் ஆபத்தும்கூட. அதனால் கம்ப்யூட்டர் வாட்ச்மேனே கேட்டைப் பாதி மூடி, ஒவ்வொருத்தராக விடுகிறார்.

ஃபாஸ்ட் சார்ஜர் பேட்டரியைக் கொன்றுவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இதில் பெரியவர்களே ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் ரெக்கரண்ட் என்ற கம்பெனி 2023-ல் 12,500-க்கு மேற்பட்ட டெஸ்லா கார்களின் கணக்கை அலசி, பெரும்பாலும் ஃபாஸ்ட் சார்ஜில் ஓடிய கார்களுக்கும் எப்போதாவது போட்ட கார்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை என்றது. கனடாவின் ஜியோடாப் கம்பெனியோ, ஃபாஸ்ட் சார்ஜும் சூடான ஊரும் சேர்ந்தால் தேய்மானம் அதிகம் என்கிறது. என் சொந்த அபிப்பிராயம்: ஹோட்டல் சாப்பாடு மாதிரி வைத்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு நல்லது. கொளுத்தும் வெயிலில் நூறு கிலோமீட்டர் விரட்டிக்கொண்டு வந்து, வந்த வேகத்தில் மூணு வேளையும் அதிலேயே என்றால் வயிறு கேட்கும்.

இன்னொரு சந்தோஷ சமாச்சாரம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 92 பேட்டரி செல்களை இரண்டு வருஷத்துக்கு மேல் சோதித்து, 2024 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். ஒரே சீராக மின்சாரத்தை உறிஞ்சுவதைவிட, நிஜ ரோட்டில் ஓட்டுவது போல் விட்டு விட்டு, ஏற்றி இறக்கி எடுத்தால் செல் 38 சதவிகிதம் வரை அதிக நாள் உழைக்கிறதாம். அதாவது பிரேக், ஆக்ஸிலரேட்டர், பிரேக், ஆக்ஸிலரேட்டர். வேளச்சேரி சிக்னலில் சாயங்காலம் ஆறரை மணிக்கு நிற்கும் மகாஜனங்களே, உங்கள் ஆயுள் குறையலாம். பேட்டரி ஆயுள் கூடுகிறது!

இதையெல்லாம் படித்துவிட்டு மின்சாரக் கார்க்காரர்கள் ராத்திரி எழுந்து எழுந்து போய் பார்க்கிங்கில் எட்டிப் பார்க்க வேண்டாம். ஜியோடாப் கணக்குப்படி சராசரித் தேய்மானம் 2020-ல் வருஷத்துக்கு 2.3 சதவிகிதம், 2024-ல் பார்த்தபோது 1.8. எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டருக்குள் 70 சதவிகிதத்துக்குக் கீழே போனால் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் பல கம்பெனிகளின் வழக்கமான வாரண்ட்டி. தேய்மானமும் ஒரே நேர்க்கோட்டில் போவதில்லை. முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் சட்டென்று கொஞ்சம் இறங்கி, பிறகு மெதுவாகப் போகும். எங்கள் புரொஃபஸர் போர்டில் போட்ட 'ரிட்டன் டவுன் வேல்யூ' கணக்கு மாதிரியேதான்.

ஆகவே மாமாவின் 88 ஒன்றும் மரண ஓலை இல்லை. அந்தத் தீப்பெட்டிச் சாதனம் காட்டுவதும் கம்ப்யூட்டரின் மதிப்பீடுதான். ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும். செல்வத்தின் வண்டி ஒரு வருஷம் இளையது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும், ஐந்து மடங்கு ஓடின வண்டியும் ஓடாத வண்டியும் ஒரே இடத்தில் நிற்கின்றன. ஓடிய வண்டிக்கு அது உழைத்துத் தேய்ந்த தேய்மானம். மாமா வண்டிக்கு, என்னால் வந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். மேன்ஷன் கதையெல்லாம் சொல்லி, கடைசியில், "தினமும் ஃபுல் பண்ணச் சொன்னது நான்தான் மாமா. எனக்குத் தெரியாமலேயே சொல்லிட்டேன். அந்த ஒண்ணேகால் லட்சத்துல பாதியை நான்..."

மாமா கையைக் காட்டி நிறுத்தினார். விளிம்பு வரை நிறைந்த காபியைச் சிந்தாமல் ஒரு வாய் குடித்தார்.

"மாப்பிள்ளை, நீங்க சொல்லி நான் என்னிக்கு எதைக் கேட்டிருக்கேன்? நீங்க வேணாம்னு சொல்லியிருந்தாலும் ஃபுல்தான் பண்ணியிருப்பேன்."

கேட்க ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. உள்ளேயிருந்து அத்தை, "அவர் என்கிட்டயே முப்பத்தஞ்சு வருஷமா எதையும் கேட்டதில்லை. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்று குரல் கொடுத்தார். குரலில் முட்டி வலி தெரிந்தது.

செல்வத்தை வரச் சொன்னோம். பேச்சுவார்த்தையில் என் பங்காக, முதல் சரிவு முடிந்துவிட்டது, இனிமேல் நீ ஓட்டுகிற விதத்தில் ஓட்டினால் மெதுவாகத்தான் இறங்கும் என்று அந்த ரிட்டன் டவுன் வேல்யூ கணக்கைக் காகிதத்தில் போட்டே காட்டினேன். இன்னும் நாலு வருஷ வாரண்ட்டி அவர் பெயருக்கு மாறுமா என்று கம்பெனியில் கேட்டு, மாறும் என்று எழுத்தில் வாங்கிக் கொடுத்தேன். அதற்குத்தான் மதிப்பு அதிகம். ஏழு லட்சத்துப் பத்தாயிரத்தில் முடிந்தது. செல்வம் சாவியை வாங்கிக்கொண்டு, வண்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எடுத்தார். தெருமுனை திரும்புகிற வரை மாமா பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னிக்கு எவ்வளவு சார்ஜோட குடுத்தீங்க மாமா?" என்று கேட்டேன்.

"நூறு. காலி வண்டியைக் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

ஆபரேஷன் நடந்த அன்று எனக்கு வெளியூரில் வேலை. சாயங்காலம் மாமாவிடமிருந்து போன்.

"மாப்பிள்ளை, ஆபரேஷன் முடிஞ்சுது. டாக்டர் இப்பதான் வெளில வந்தார். ஒரு முக்கியமான விஷயம் சொன்னார். என்னன்னா..."

டக். லைன் போய்விட்டது. திரும்ப அடித்தால் ஸ்விட்ச்டு ஆஃப். பத்து நிமிஷம் எனக்கு உயிர் என்னிடம் இல்லை. ஆஸ்பத்திரி ரிசப்ஷனுக்கு அடித்து, அவர்கள் நாலு பேரிடம் மாற்றி, கடைசியில் அத்தையின் செல்போனிலிருந்து என் மனைவி பேசினாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது; மறுநாளே நடக்க வைக்கப் போகிறார்கள் என்பதுதான் அந்த முக்கிய விஷயம்.

"உங்கப்பா போன் என்னாச்சு?"

"நீங்க எண்பதுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு சொன்னீங்களாமே! அன்னியிலேருந்து செல்போனுக்கும் எண்பதுதான் போடறார். காலையிலேருந்து ஊர் பூரா போன் பண்ணி விஷயத்தைச் சொன்னதுல காலியாயிடுச்சு."

"அத்தை போன்ல மட்டும் எப்படி சார்ஜ் இருக்கு?"

"அம்மா ஆபரேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி அவளே நூறு ஏத்தி வெச்சுட்டுப் போனா. 'உங்கப்பாவும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஏதாவது பேசி வெச்சிருப்பாங்க, எதுக்கும் இருக்கட்டும்'னு."